திரும்பச் சொல்கிற விதி

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். ஆறு ஐந்துக்கு மறுபடி அடித்தது. எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்துப் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தேநீர் குடித்தான். குளித்தான். ரொட்டி இரண்டு துண்டு தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். ஏழு இருபதுக்கு அண்ணி போன் செய்தாள். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றான். என்ன என்றாள். சொன்னான். அதெல்லாம் ஒரு சாப்பாடா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கூடத்துச் சுவரில் மனைவியின் படம் இருந்தது. அதற்குக் கீழே அண்ணி ஒரு வரியை அச்சடித்து ஒட்டியிருந்தாள். 'அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.' மனைவி கடைசியாகச் சொன்னது அது. ஏழு மாதமாகச் செருப்பு மாட்டும்போதெல்லாம் அவன் அதைப் படிக்கிறான். படிக்க வேண்டாம் என்றுதான் நினைப்பான். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கண் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

கதவைப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். வழக்கமாக வலது பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவான். பின்னறையில் உட்கார்ந்து வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவன் வேலை. இன்றைக்கு விடுப்பு. இடது பக்கம் திரும்பி பஸ் ஏறினான்.

அவள் வேலை பார்த்த விலங்குக் காட்சிசாலைக்கு முக்கால் மணி நேரப் பயணம். அங்கிருந்து மூன்று கடிதம் வந்துவிட்டது. அவளுடைய பெட்டி அலமாரியைக் காலி செய்து சாமான்களை எடுத்துப் போகும்படி. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. கேட்டால் கடையில் ஆள் இல்லை என்பான். உண்மையான காரணம் ஆறடி மூன்றங்குல உயரம்.

நெட்டை. அவள் அப்படித்தான் சொல்வாள். அவளுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவன், அவளைவிட ஐந்து வயது சின்னவன், கல்யாணம் ஆகாதவன். சாயந்திரம் அவள் மீன் வாடையோடு வீட்டுக்குள் நுழையும்போதே கூடவே நெட்டையும் நுழைந்துவிடுவான். நெட்டை இன்னைக்கு நீர்நாய்க் குளத்துல தலைகுப்புற விழுந்துட்டான். நெட்டைக்குப் பொண்ணு பார்க்கப் போனாங்களாம், பொண்ணு நாற்காலி மேல ஏறி நின்னுதான் முகத்தைப் பார்த்துச்சாம். சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு நாள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பதினொரு தடவை அந்தப் பெயர் வந்தது. அவன் எண்ணினான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எண்ணினான்.

பதினொன்றாவது தடவைக்கு அவன் வாய் சும்மா இருக்கவில்லை. பேசாமல் நீ அவனையே கட்டியிருக்கலாம் என்று சொல்லிவிட்டான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். யோசிப்பதுபோல விட்டத்தைப் பார்த்தாள். கட்டியிருக்கலாம்தான், பல்பு மாத்த ஸ்டூல் தேட வேண்டியிருந்திருக்காது என்றாள். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அங்க வாடா. அவனையும் பாரு, கரடியையும் பாரு. யாரைப் பார்த்து வயிறெரியறதுன்னு அப்புறம் முடிவு பண்ணிக்கோ."

அவன் போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் போகவில்லை. பிறகு அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

இறந்த அன்று அவள் வேலைக்குத்தான் போயிருந்தாள். பத்தே கால் மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, நிமிஷக் கணக்குதான், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். வராந்தாவில் ரப்பர் பூட்ஸோடு நெட்டை நின்றிருந்தான். அன்று சாயந்திரம் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது அண்ணி அவனைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், நீதானேப்பா பக்கத்துல இருந்த, ஏதாவது சொன்னாளா என்று. நெட்டை எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அந்த வரியைச் சொன்னான். வீடே அழுதது.

அழாதவன் ஒருத்தன்தான். அவனுக்குத் தொண்டையில் இரண்டு முள் மாட்டியிருந்தது. ஒன்று, கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் இருந்தது இந்த நெட்டை. அவள் தலை இவன் மடியில் இருந்திருக்கும். அவள் கண் கடைசியாகப் பார்த்தது இவன் முகமாக இருந்திருக்கும். தன்னிடம் சொல்ல வேண்டியதை இவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு, 'அவரை'. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அவனை அவர் என்று சொன்னதில்லை. டேய் என்பாள். இந்தாப்பா என்பாள். கோபம் வந்தால் ஹலோ என்பாள். அவர் யார்?

ஏழு மாதம் இதையே மென்றான். பெட்டி அலமாரி ஒரு சாக்கு. அவனுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் நிஜமாக என்ன சொன்னாள்?

வாசலில் டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினான். அந்த அம்மா கடிதத்தைப் பார்த்தாள், அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவ வீட்டுக்காரரா? இவ்வளவு நாள் எங்க ஒளிஞ்சிருந்தீங்க? கல்யாணம் ஆகலைன்னு நினைச்சு நான் அவளுக்கு ரெண்டு மாப்பிள்ளை பார்த்துட்டேன் தெரியுமா?"

சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. உள்ளே போன் செய்து யாரையோ வரச்சொன்னாள். வரப்போவது யார் என்று அவனுக்குத் தெரியும். தூரத்திலேயே தலை தெரிந்தது. மற்றவர்கள் தலைக்கு மேலே அது தனியாக மிதந்து வந்தது.

நெட்டை கிட்ட வந்து, வாங்க சார் என்றான். கை கொடுப்பதா வேண்டாமா என்று தடுமாறி, கடைசியில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டான். அலமாரிச் சாவி மேனேஜரிடம் இருக்கிறது, அவர் கூட்டத்தில் இருக்கிறார், பதினொன்றரைக்குத்தான் வருவார், அதுவரைக்கும் அக்கா பார்த்த பகுதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாமா என்று கேட்டான். அவளை அவன் அக்கா என்று சொல்வது இவனுக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் அது ஒன்றும் ஆற்றவில்லை. அக்கா தங்கச்சி பிரச்னையே இல்லை இது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் அவள் நெட்டையோடு. புருஷனுக்குக் கிடைத்தது களைத்துப்போன மீதி.

அந்தப் பகுதிக்கு 'நம் காடு' என்று பலகை வைத்திருந்தார்கள். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று வெளியூர்ப் பிராணி எதுவும் கிடையாது. இந்த மண்ணின் காட்டில் இருப்பது மட்டும்தான். கம்பியும் கூண்டும் கண்ணில் படாது. மண்பாதை வளைந்து வளைந்து மரங்களுக்குள் போகிறது. இந்தப் பக்கம் ஓர் ஓடை, அந்தப் பக்கம் பாறை. பாறையைத் தட்டினால்தான் சிமெண்ட் என்று தெரியும். புதருக்குப் பின்னால் அகழி இருக்கிறது, ஆனால் அகழி என்று தோன்றாது. பிராணிக்கு ஒளிந்துகொள்ள இடம் உண்டு. பிடித்தால் வெளியே வரும், பிடிக்காவிட்டால் வராது.

இரண்டு குழந்தைகளோடு வந்திருந்த ஒருவர் ஒரு புதரையே பத்து நிமிஷமாக முறைத்துக்கொண்டிருந்தார். நெட்டையின் சீருடையைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். மரத்தைப் பார்க்கவா சார் இவ்வளவு தூரம் வந்தோம், மரம் எங்க தெருவிலேயே இருக்கு என்றார். கொஞ்சம் பொறுங்க, அதுக்குத் தோணினா வரும் என்று நெட்டை பணிவாகச் சொன்னான். தள்ளி வந்த பிறகு, அக்காவாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள் என்றான். கூப்பிடாத வீட்டுக்குள்ள நுழைஞ்சிட்டு, வீட்டுக்காரங்க வந்து வணக்கம் வேற சொல்லணுமா சார் என்று கேட்பார்களாம். அந்தக் குரலை நெட்டை அச்சு அசலாகக் கொண்டுவந்தான். வார்த்தையின் கடைசியைக் கொஞ்சம் இழுக்கிற அந்த இழுப்புகூட அப்படியே இருந்தது. அவன் நடை தடுமாறியது. அந்தக் குரலைத் தன் தலைக்குள் வரவழைக்க ஏழு மாதமாகப் பாடுபடுகிறான், வரமாட்டேன் என்கிறது. நெட்டையின் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது.

நீர்நாய் ஓடையில் முதலில் ஒன்றும் இல்லை. நெட்டை உதட்டைக் குவித்து விசில் அடித்தான். ஒரு நீளம், ஒரு குட்டை. எதிர்க்கரையில் வேர்களுக்கு நடுவிலிருந்து மூன்று தலை எட்டிப் பார்த்தது. மூன்றும் தண்ணீரில் வழுக்கி, வரிசையாக நீந்தி வந்து, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பது யார் என்று பார்த்தன. பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.

"இது அக்காவோட விசில். நான் அடிச்சா வரும், வந்து பார்த்துட்டு ஏமாந்து போயிடும்."

அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும். நாலு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறான். மூன்று நீர்நாய்க்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவற்றின் ஈர முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மனுஷன் நீர்நாயைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்றால் அவன் எந்த லட்சணத்தில் இருக்கிறான் என்று அவனுக்கே புரிந்தது. புரிந்து ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது காட்டுப்பூனை. அதன் இடத்தில் ஒரு பெரிய மரத்தண்டு பாறைமேல் சாய்ந்து கிடந்தது. அதை அங்கே கிடத்தியது அக்காவின் யோசனை என்றான் நெட்டை. பூனைக்கு உயரமான இடம் வேண்டும் என்று மேனேஜரோடு மல்லுக்கு நின்று அனுமதி வாங்கி, அவர்கள் இரண்டு பேருமே கயிறு கட்டி இழுத்தார்களாம், இரண்டு நாள். கை கொப்பளித்துப்போனதாம். அந்தக் கொப்பளம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அவன் மேலே கேட்கவில்லை. அதே நாட்களில் வீட்டில் பீரோவை அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு நகர்த்தித் தா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். பீரோ இன்னும் அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

பூனை வெளியே வரவில்லை. அக்கா கண்ணாடித் தடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் மட்டும் வரும் என்றான் நெட்டை. அவள் மதியம் சாப்பிட்டது இங்கேதானாம்.

கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அவன் கேட்டான்.

"என்னைப் பத்தி ஏதாவது பேசுவாளா இங்க?"

நெட்டை தர்மசங்கடமாக மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"வீட்டுப் பேச்சு இங்க எடுக்க மாட்டாங்க சார். அவங்க சுபாவம் அப்படி."

ஆக, இங்கே இருந்ததெல்லாம் தினமும் அவளோடு வீட்டுக்கு வந்தது. நீர்நாய் வந்தது, பூனை வந்தது, நெட்டை வந்தான். ஆனால் வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட அவளோடு இங்கே வரவில்லை. டிக்கெட் அம்மா பார்த்துவைத்த இரண்டு மாப்பிள்ளைகளும் என்ன உயரமோ.

அப்போதுதான் அவன் நெட்டையின் மூக்குக்கண்ணாடியைக் கவனித்தான். தொழில் பார்க்கிற கண் எத்தனை துக்கத்திலும் தன் வேலையைச் செய்யும். காதில் மாட்டும் இடதுபக்கக் கால் உடைந்து, மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. அதனால் வில்லை சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வில் பார்த்தால் தினமும் சாயந்திரம் தலை வலிக்கும். எப்போது உடைந்தது என்று கேட்டான். போன வருஷம், கரடி அறையைக் கழுவும்போது என்றான் நெட்டை. யார் கட்டியது என்று கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்துவிட்டது. கூண்டுக் கம்பி, சுற்று நெருக்கமாக, முனை உள்ளே மடக்கி. அவள் எதைக் கட்டினாலும் முனையை உள்ளே மடக்குவாள், யார் கையையும் கிழிக்கக் கூடாது என்று.

புருஷன் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். பையில் போட்டு எடுத்து வந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. எடுத்து வரவில்லை. யாருடையது என்று அவன் கேட்பான், நெட்டையுடையது என்று அவள் சொல்ல வேண்டிவரும், அப்புறம் இரண்டு நாள் வீட்டில் பேச்சு இருக்காது. அதனால் கம்பியால் கட்டிக்கொடுத்து, ஒருத்தனுக்கு ஒரு வருஷம் தலைவலியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். குற்றம் யார் மேல் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கம்பியைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அவன் வீட்டில் அவள் கையால் அத்தனை நேரம் எடுத்துச் சுற்றிய பொருள் எதுவும் இல்லை.

பதினொன்றுக்குக் கரடிக்குன்றுக்கு வந்தார்கள். மதியத் தீனிக்கான நேரம் என்றான் நெட்டை. பார்வையாளர் பக்கம் போகாமல், பின்புறம் இரும்புக் கதவைத் திறந்து ஒரு குறுகிய நடைக்குள் அழைத்துப் போனான். விதிப்படி கூடாது, ஆனால் நீங்க வரலாம் சார் என்றான். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. அதைத் தாண்ட வேண்டாம் என்றான். கோட்டுக்கு அந்தப் பக்கம் தடித்த கம்பிகளுக்குப் பின்னால், வயதான பெண் கரடி ஒன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இங்கே அதற்கு மேடம் என்று பெயர். மேடம் அவனைப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்து மோப்பம் பிடித்தாள். பிறகு சுவாரசியம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலைக்கு மேலே ஒரு நெம்புகோல் இருந்தது. அதை இழுத்தால் கரடி அறையின் தடுப்பு ஏறி, குன்றுக்குப் போகும் வழி திறக்கும். குன்றின் அந்தக் கோடியில், ஆள் போய் வருவதற்கான வெளிக்கதவு. கரடி இங்கே அடைபட்டிருக்கும்போது ஒருவர் வெளிக்கதவு வழியாகக் குன்றுக்குள் போய், தீனியைப் பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும் ஒளித்துவைத்துவிட்டு, வெளியே வந்து கதவைப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டு, வெளியில், அதாவது குன்றில், யாருமில்லை என்று வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். நெம்புகோல் பக்கம் நிற்கிறவர் அதை ஒரு வார்த்தை பிசகாமல் திரும்பச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து 'சரி' என்று வந்தால்தான் நெம்புகோலை இழுக்கலாம். 'சரி' வராமல் இழுக்கக் கூடாது, அந்த இடத்தைவிட்டு நகரவும் கூடாது. ஒரு வார்த்தை மாறினால் கரடியும் ஆளும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெட்டையின் இடுப்பில் கரகரவென்று ஒரு பெண் குரல் வந்தது. புதிதாகச் சேர்ந்தவள்.

"வெளிக்கதவு பூட்டியாச்சு. வெளியில யாருமில்ல."

"வெளிக்கதவு பூட்டியாச்சு. வெளியில யாருமில்ல," என்றான் நெட்டை.

"சரி."

நெம்புகோல் இறங்கியது. தடுப்பு ஏறியது. மேடம் எழுந்து, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, வெளிச்சத்துக்குள் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் கத்துவது கேட்டது.

அக்கா இருந்தபோது இப்படிச் சப்பென்று இருக்காது என்றான் நெட்டை. முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. திரும்பச் சொல்லியே ஆகவேண்டும் என்பது விதி இல்லையா, அதை வைத்து அவள் விளையாடுவாளாம். பூட்டியாச்சு, யாருமில்ல என்பதோடு வாலாக எதையாவது சேர்த்துவிடுவாளாம். நெட்டை ஒரு மக்கு. நெட்டைக்கு நேத்து பார்த்த பொண்ணும் வேணாம்னுடுச்சு. இவன் அதையும் ஒரு எழுத்து விடாமல் தன் வாயாலேயே திரும்பச் சொல்லணும். அந்த அலைவரிசையில் மேனேஜர் முதல் தோட்டக்காரர் வரை யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். சொல்லாவிட்டால் அவள் 'சரி' சொல்லமாட்டாள், கதவு திறக்காது, கரடி கத்தும். சொன்ன பிறகும் சில நாள் வேண்டுமென்றே 'சரி'யை இழுத்தடிப்பாளாம், இவன் கெஞ்சட்டும் என்று. நெட்டை சொல்லச் சொல்லச் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை.

மற்றவன் நெம்புகோலைப் பார்த்தான். அதற்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். காலையிலும் இப்படித்தானா என்று கேட்டான். ஆமாம், ஒன்பதரைக்கு என்றான் நெட்டை. யார் எங்கே நிற்பீர்கள்? அக்கா எப்பவும் வெளிக்கதவில், நான் எப்பவும் இங்கே, நெம்புகோல் எனக்குத்தான் எட்டும்.

இங்கிருந்து வெளிக்கதவு தெரியுமா? தெரியாது. போக எவ்வளவு நேரம் ஆகும்? அகழியைச் சுற்றிப் போகணும், மூணு நிமிஷம்.

சொல்லி முடித்த பிறகுதான் கேள்விகள் எங்கே போகின்றன என்று நெட்டைக்கு உறைத்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று.

அவன் கணக்குப் போட்டான். பத்தே காலுக்குப் போன். ஒன்பதரைக்கு இவன் இங்கே, அவள் அங்கே. நடுவில் ஒரு குன்று, ஒரு அகழி, ஒரு கரடி.

"அப்போ நீங்க பக்கத்துல இல்ல."

நெட்டை கண்ணாடியைக் கழற்றினான். துடைப்பதற்குத் துணி தேடினான். கிடைக்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு சுவரோடு முதுகை வைத்துக் கீழே சரிந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் அவன் எவ்வளவு சின்னப் பையன் முகம் வைத்திருக்கிறான் என்று தெரிந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அன்றைக்கும் அவள் சொன்னாள், அந்நேரம் அலைவரிசையில் வேறு யாரும் இல்லை, இவன் திரும்பச் சொன்னான். 'சரி' வரவில்லை. இரண்டாம் தடவை சொன்னான். வரவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தான். மூன்றாம் தடவையும் சொல்லிவிட்டு, இன்றைக்கு நான் கெஞ்சப்போவதில்லை, யார் முதலில் இறங்கி வருவது பார்ப்போம் என்று இவனும் வாயை மூடிக்கொண்டான். விதியும் இவன் பக்கம் இருந்தது, 'சரி' வராமல் நகரக் கூடாது. நெம்புகோலில் கையை வைத்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினோரு நிமிஷம். அதற்குப் பிறகுதான் ஏதோ சரியில்லை என்று தோன்றி ஓடினான். வெளிக்கதவுக்குப் பக்கத்தில் மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தாள். சாவி பூட்டிலேயே தொங்கியது. பேச்சு மூச்சு இல்லை. இவன் வாக்கி-டாக்கியில் கத்தினான், மற்றவர்கள் வந்தார்கள். அவ்வளவுதான்.

டாக்டர் நிமிஷக் கணக்குதான் என்றார் என்று அவன் சொன்னான். எனக்கும் அதைத்தான் சொன்னார் சார், பதினொண்ணும் நிமிஷக் கணக்குதானே என்றான் நெட்டை.

ஆக, மடி இல்லை. கடைசியாகப் பார்த்த முகம் இல்லை. ஏழு மாதமாக ராப்பகலாக அவன் வயிறெரிந்த அந்தக் காட்சியில் யாருமே இல்லை. மண்ணும் ஒரு கதவும்தான். பொறாமைப்பட ஆள் இல்லாமல் போனால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தான். வரவில்லை. அந்த இடத்தில் யாராவது இருந்திருக்கக் கூடாதா, இந்த நெட்டையே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அவன் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், நெட்டைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். வீட்டில் எதற்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டான். 'நீங்க' போய் 'நீ' ஆனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. உங்க அண்ணி கேட்டாங்க, எல்லாரும் என் வாயையே பார்த்தாங்க என்றான் நெட்டை. நல்ல புருஷனைப் பற்றி ஒரு நல்ல மனைவி என்ன சொல்வாளோ அதைச் சொன்னேன். வேற எனக்குத் தெரியல.

அங்கேதான் பொறாமைக்கு மறுபடி கால் ஊன்ற இடம் கிடைத்தது. கடைசியாக அவள் ஒன்று சொல்லியிருக்கிறாள். அது நெட்டையின் காதுக்குள் போய், இவன் வாய் வழியாக மூன்று தடவை வெளியே வந்திருக்கிறது. ஏழு மாதமாக இவன் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறான். சுவரில் ஒட்டியிருப்பது இவன் கொடுத்த போலி. அசல் இவனிடம் இருக்கிறது.

"அன்னைக்கு என்ன வால் சேர்த்தா?"

நெட்டை தலையை ஆட்டினான்.

"வேணாம் மாமா. அதுல ஒண்ணுமில்ல."

மாமா. அக்காவின் புருஷன் என்றால் அதுதானே முறை. இத்தனை நேரம் சார் போட்டுக்கொண்டிருந்தவன் எப்போது மாறினான் என்று மாமாவும் கேட்கவில்லை.

"பரவாயில்ல, சொல்லு."

"நீங்க அதுல இல்ல மாமா. ஒரு மனுஷிக்குக் கடைசி வார்த்தை இதுவான்னு இருக்கும். மேனேஜர்கிட்டகூட நான் வாலைச் சொல்லல. பூட்டியாச்சு, யாருமில்லன்னாங்க, அவ்வளவுதான்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"நான் அதுல இருக்க மாட்டேன்னு தெரியும். அவ எங்க பேசினாலும் நீதான் இருப்ப. எனக்கு அது வேணும். அவ சொன்ன மாதிரியே வேணும். மாத்தாத, அழகு பண்ணாத."

கூட்டம் முடிந்து மேனேஜர் வந்துவிட்டார், சாவி தயார் என்று இடுப்பிலிருந்து கரகரத்தது. நெட்டை அதன் வாயை அடைத்தான். கம்பிகளுக்கு அப்பால் காலியாக இருந்த கரடி அறையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, தினமும் செய்கிற வேலையைச் செய்கிறவன்போல, முதுகை நிமிர்த்திக்கொண்டான். அவன் வாயிலிருந்து அவள் குரல் வந்தது. அவசரம், மூச்சிரைப்பு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசி வார்த்தையை இழுக்கும் அந்த இழுப்பு.

"வெளிக்கதவு பூட்டியாச்சு. வெளியில யாருமில்ல. நெட்டை இன்னைக்குக் குளிக்கல."